பென்சிலுக்குக் காசு இல்லை

ஏஜென்ட் தனராசு ஸ்கூட்டரில் வைத்துக்
கொண்டுவந்து இறக்கினார்
ஒரு போர்க்கப்பலை.
மூன்று அட்டைப்பெட்டி, ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பக்கம்.
வைசியாள் வீதி மாடிப்படி ஏறுவதற்குள்
அவருக்கு மூச்சு வாங்கியது.

பிரெஞ்சுக்காரர்கள் முப்பது வருஷம் ஓட்டிவிட்டு
விற்ற ஃபிரிகேட்.
வாங்கிய நாட்டை
அட்லஸில் தேடித்தான் கண்டுபிடித்தேன்.
நான் சுண்ணாம்பாற்றுப் படகிலேயே வாந்தி எடுப்பவள்.
என் வேலை பிரெஞ்சை இங்கிலீஷாக்குவது மட்டும்.
அச்சடித்த சொல்லுக்கு ஒண்ணேகால் ரூபாய்.
பென்சில் கிறுக்கலுக்குக் காசு இல்லை,
அதையெல்லாம் விட்டுடுங்க மேடம்.

கிறுக்கியவன் யாரோ.
‘மூன்றாம் பம்பு பொய் சொல்லும்.’
‘இங்கே தலை இடிக்கும். எனக்கு ஏழு முறை.’
‘முள் நின்றால், இடது, ஒரே அடி.’
முந்நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் காபிக் கறை,
கப்பல் சாய்ந்த பக்கமாக
வழிந்து காய்ந்திருந்தது.

கார்த்திகை மழை. கரண்ட் இல்லை.
பெரிய வாய்க்கால் தெருவுக்கே வந்துவிட்ட வாடை.
பழைய பெயர் வரும் இடமெல்லாம்
புதுப் பெயரைப் போடச் சொல்லியிருந்தார்கள்.
பழைய பெயர் பாசியான்ஸ். பொறுமை என்று அர்த்தம்.
புதுப் பெயர் ஏதோ ஓர் அட்மிரல்.
ஒரே தட்டில் நானூற்றுப் பன்னிரண்டு இடத்தில் மாற்றினேன்.
அனுப்பிய பிறகுதான் கவனித்தேன்:
‘என்ஜின் சூடாகும்வரை
அட்மிரலோடு பத்து நிமிடம் காத்திருக்கவும்.’
திருத்தவில்லை.
பென்சில் வரிகளையும்
அடிக்குறிப்பாகச் சின்ன எழுத்தில் சேர்த்திருந்தேன்,
பில்லில் சேர்க்காமல்.

பதினான்கு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல்,
கப்பலின் என்ஜின் அறையிலிருந்து.
பக்கம் 317, அடிக்குறிப்பு.
இடது கையாலா, இடது பக்கத்திலா?
இரண்டு நாளாக முள் அசையவில்லை.

பெட்டிகள் அப்போதே திரும்பிப் போய்விட்டன.
கீழே இறங்கி
எங்கள் தண்ணீர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியை
யோசிக்காமல் ஓர் அடி அடித்துப் பார்த்தேன்,
தினமும் அடிக்கிற அடிதான்.
என் வலது கை, அதன் இடது கன்னம்.

அதையே எழுதினேன்.
‘கையா’ என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை,
இரண்டாலும் அடித்துப் பாருங்கள்,
பம்பு மூன்று உண்மை பேசுகிறதா
என்றும் கேட்டேன்.

மொட்டைமாடித் தொட்டி நிரம்பி
பக்கத்து வீட்டு வெஸ்பா மேல் கொட்டும் சத்தத்தில்தான்
நாற்காலியை விட்டு எழுந்தேன்.