மூன்று இரவு, நான்கு பகல்

திருச்சியில் ஏறி
தட்டில் வைத்த பன்னைப் பிரிப்பதற்குள்
இறங்கச் சொல்லிவிட்டார்கள்.
மகிழினிக்கு ஏமாற்றம்.
வெளிநாடு என்றால்
ஒரு தூக்கமாவது தூங்கி எழ வேண்டாமா?

ரம்பொடை வளைவுகளில் துருவ்
முதலில் பிஸ்கட்டை,
பிறகு பாலை,
பிறகு விடிந்ததிலிருந்து தின்ற அனைத்தையும்
என் துப்பட்டாவில் திருப்பிக் கொடுத்தான்.
"இடப்பக்கம் அருவி" என்றார் வேன் ஓட்டிய சமிந்த.
யாரும் பார்க்கவில்லை.

கதிரேசனின் கைபேசியில் ஒரு பட்டியல்.
பதினொரு இடங்கள், நேரம் போட்டு.
சிவப்புத் தபால் நிலையம் ஒன்பது பத்துக்கு.

இரண்டரை வயதுக்காரன் கண்டுபிடித்த நுவரெலியாவோ
குளியல் தொட்டியின் கறுப்பு அடைப்பான்,
சங்கிலியோடு.
இழுத்தால்
தண்ணீர் குறட்டை விட்டுக்கொண்டே போகிறது.
திரும்ப நிரப்பு. திரும்ப இழு.
பட்டியலின் முதல் மூன்று இடங்கள்
அந்த ஓட்டை வழியே போயின.

நாங்கள் கொண்டுவந்த ஸ்வெட்டர்
திருச்சி மார்கழிக்கானது.
காலுறைகளைக் கையில் மாட்டிக்கொண்டு
ஏரிக்குப் போனோம்.
பாப்கார்ன் முந்நூறு ரூபாய்.
"இது வேற ரூபாய்" என்றேன்.
"காந்தி தாத்தா இல்லாத ரூபாயா?"
ஆமாம், அதுதான்.

ஏரிக்கரையில் ஒரு தள்ளுவண்டி.
உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் குலுக்கிய பேரிக்காய்.
"சின்னதுக்கு ஒறைக்கும், கழுவித் தர்றேன்"
என்றார் வண்டிக்காரப் பெண்.
மகிழினி என் கையை உதறினாள்.
"இவங்க தமிழ் பேசுறாங்க!
அப்ப இது வெளிநாடே இல்ல,
ஏமாத்திட்டீங்க."

அவர் சிரித்துவிட்டார்.
"எங்களுக்கு ஒங்க ஊருதான் வெளிநாடு பாப்பா.
எந்தப் பக்கம்?"
துறையூர் என்றேன்.
கத்தி பேரிக்காயின் பாதியில் நின்றது.

"எங்க ஆளுகளும் அங்கிட்டுத்தான்னு சொல்லுவாங்க.
துறையூரோ, முசிறியோ.
எழுதி வச்ச துண்டு ஒண்ணு இருந்துச்சு.
மண்சரிவுல லயத்தோட போச்சு."

"அப்ப ஒங்களுக்கு எப்ப லீவு முடியும்?"
இது மகிழினி.
கதிரேசன் அவசரமாகப் பணப்பையைத் தேடினார்,
கையிலேயே வைத்துக்கொண்டு.

"லீவுக்கு வந்தது நீங்க கண்ணு.
நாங்க இந்த ஊரு."
கத்தி மீதிப் பாதிக்குள் இறங்கியது.
ஒரு துண்டு கூடுதலாகப் போட்டார்,
அதற்குக் காசு வாங்கவில்லை.
பெயர் புஷ்பலீலா என்பதை
வண்டியின் உரிமப் பலகையில் படித்தேன்.
கேட்டிருக்கலாம்.

என் பாஸ்போர்ட்டில்
பிறந்த இடம் என்பதற்கு நேரே ஒரே சொல்.
கட்டுநாயக்கவில் அதை யாரும்
இரண்டாம் முறை பார்க்கவில்லை.

இரவு சார்ஜர் சொருகவில்லை.
சுவரில் சதுரமாக மூன்று ஓட்டை,
நம் உருண்டைக் கால்கள் நுழையாது.
மகிழினி கட்டிலிலிருந்து குதித்து ஓடிவந்தாள்.
மூன்று ஓட்டைகளையும் விரலால் தடவி,
தடவாதே என்று நான் கத்துவதற்குள்,
"அம்மா! இதுதான் வெளிநாடு!"

கைபேசி அணைந்தது. பட்டியலும்.
மறுநாள் முழுக்க மழை.
நால்வரும் ஒரே கம்பளிக்குள் கிடந்து
ஜன்னலில் வழியும் துளிகளில்
எது முந்தும் என்று பந்தயம் கட்டினோம்.
கதிரேசன் தோற்றுக்கொண்டே இருந்தார்.

கிளம்பும் காலை
வரவேற்பறைப் பையன் வேனுக்கே வந்து நின்றான்,
மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு.
துருவின் கால்சட்டைப் பைக்கு வெளியே
சங்கிலி தொங்கியது.

பிடுங்கிக் கொடுத்தோம்.
அழுதான், லபுக்கலை வரை,
அதற்கு அப்பாலும்.
ரம்பொடையில்
அருவி இப்போது வலப்பக்கம் வந்தது.
விசும்பல் நின்றது.
மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி
வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"யாரும்மா புடுங்குனா?"