ஏழாவது குழி

மே கடைசியில், தார்த்து நகரத்து ஆற்றங்கரையில்
உர்மாஸ் குடையைத் தலைகீழாய் விரித்துப் பிடித்து
லிண்டன் கிளைகளை உலுக்கினான்.
நாயோடு வந்தவர்கள் வானத்தைப் பார்த்தார்கள்.
குடைக்குள் விழுந்தன
இரண்டே புள்ளி வைத்த பொறிவண்டுகள்,
சட்டையிலிருந்து தெறித்த பொத்தான்களாய்.

இருபத்திரண்டாம் எண் தாய்
நாற்பது முட்டை இட்டாள்.
பத்தொன்பது பொரிந்தன.
மீதி மஞ்சள் மங்கிச் சாம்பல் நிறமாகி
இலையை விடாமல் நின்றன.
பிறந்தவை திரும்பி வந்து
பிறக்காதவற்றைத் தின்றன.
ஜூலை வரை அசுவினி போட்டு வளர்த்தோம்.
அத்தனையும் பெண்.
தங்கைகளின் முதல் சாப்பாடு அண்ணன்மார்
என்று எழுதி, அடித்துவிட்டு,
"பொரிப்பு விகிதம் 47.5" என்று எழுதினேன்.
காபி ஆறியிருந்தது.

தாயின் வயிற்றில் ஒரு குடித்தனக்காரி இருக்கலாம்.
முட்டையில் ஏறி, மகள் வழியாகவே வீடு மாறுவாள்.
மகன் அவளுக்கு முட்டுச்சந்து.

இருக்கிறாயா என்று கேட்பதற்கு
அரைக்க வேண்டும், கரைக்க வேண்டும்,
தொண்ணூற்றைந்து டிகிரியில் இழை பிரித்து
ஐம்பத்தைந்தில் ஒட்டவைத்து
எழுபத்திரண்டில் நீளவிட வேண்டும்.
முப்பத்தைந்து சுற்று.
ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும்,
சைபர் மட்டும் சைபராகவே வெளியே வரும்.
இதை நம்பித்தான்
மாதச் சம்பளம் வாங்குகிறேன்.

இரவு பத்து மணி. மேசைமேல் இன்னும் வெயில்.
திரைச்சீலையை இழுத்துவிட்டு
நீல விளக்கில் ஜெல்லை வைத்தோம்.
முதல் குழியில் அளவு ஏணி.
இரண்டில் இருபத்திரண்டாம் எண்: பளிச்சென்று ஒரு கோடு.
"ஆகா" என்றான் உர்மாஸ்.
மூன்றில் இல்லை. நான்கில் உண்டு.
ஐந்து, ஆறு, மங்கல்.
ஏழில் வெறும் தண்ணீர்.
அதில் எதுவும் தெரியக் கூடாது.

தெரிந்தது.
நகத்தால் கீறியதுபோல் மெலிசாக,
அதே உயரத்தில்.

தண்ணீருக்கா தொற்று?
என் கையுறையா, பிப்பெட் முனையா,
போன வாரம் யாரோ திறந்துவைத்த குழாயா?
லேலோ வந்து குனிந்து பார்த்தார்.
படத்தின் குறுக்கே
"செல்லாது" என்று எழுதித் தேதியிட்டார்.
இரண்டாம் குழிக்காக நான் வாதாடினேன்:
அவள் பிள்ளைகளே சாட்சி அல்லவா?
"பிள்ளைகளை நம்பலாம்,
தண்ணீரைத்தான் நம்ப முடியவில்லை" என்றார்,
வீட்டுக்குப் போனார்.

மேசையை பிளீச்சால் துடைத்தோம், இரண்டு தடவை.
உர்மாஸ் தன் கைக்கடிகாரத்தையும் துடைத்தான்.
இருபத்திரண்டாம் எண்ணில்
இன்னும் பதினோரு மைக்ரோலிட்டர் மிச்சம் இருக்கிறாள்.
புதுத் தண்ணீர் புட்டியின் மூடியைத் திருகினேன்.
முத்திரை உடையும்போது
டக்கென்றது.
இருவரும் ஒரு கணம்
மூச்சைப் பிடித்துக்கொண்டோம்,
அதற்குள் எதையும் ஊதிவிடாமல்.