ஈரடுக்குப் பாலத்தில் எலுமிச்சை

புளியங்குடி மூட்டை ஒன்று
ஈரடுக்குப் பாலத்து மேலே அவிழ்ந்தது.
சரிவெல்லாம் மஞ்சள் உருண்டது.
லோடு ஆட்டோ மாசானம் இறங்கி
தலையில் கைவைத்து நின்றான்.

முதலில் யாரும் அசையவில்லை.
ஹாரன் அடித்தார்கள்; நானும்தான்.
அப்புறம் நர்ஸ் உடுப்பில் ஒருத்தி
ஸ்கூட்டியைக் குறுக்கே போட்டாள்,
ஒரே ஒரு பழத்தை எடுத்தாள்.
அவ்வளவுதான்.
பாலமே குனிந்துவிட்டது.

நான் குனிந்தது எதற்கு?
இரக்கம் என்று சொன்னால் பொய்.
எல்லா முதுகும் வளைந்திருக்க
என் முதுகு மட்டும் நெட்டுக்குத்தாய் நின்றது,
கூசியது.
ஹெல்மெட் நிறைய அள்ளிக் கொட்டும்போது
அவள் பார்க்கிறாளா என்று பார்த்தேன்.
பார்க்கவில்லை.
இரண்டாவது ஹெல்மெட்டை
யாருக்காக அள்ளினேன் என்பதுதான்
இன்னும் பிடிபடவில்லை.

"நல்லாருப்பிய அண்ணாச்சி" என்றான் மாசானம்,
முகம் பார்க்காமல், கயிற்றை இறுக்கிக்கொண்டே.
வண்ணாரப்பேட்டை தாண்டும்வரை
அந்தச் சொல்லைச் சப்பிக்கொண்டே போனேன்.

வீட்டில் சட்டையைக் கழற்றினால்
பையில் ஒரு பழம்.
திருட்டா, கூலியா, மறதியா?
செண்பகவல்லி கேட்கவில்லை.
ரசத்தில் பிழிந்துவிட்டாள்.

மறுநாள் அதே பாலத்தில்
கொஞ்சம் மெதுவாகவே போனேன்.
முன்னால் ஒரு லோடு வண்டி,
கயிறெல்லாம் இறுக்கமாய்,
எதையும் சிந்தாமல்
இறங்கிப் போயிற்று.