கிணறு இருபத்திரண்டு, புரட்டாதி

டேப்பின் முனை தண்ணீரைத் தொட்டால்
சின்னதாய் ஒரு சத்தம் போடும்,
குருவிக்குஞ்சு வாய் திறந்த மாதிரி.
அந்தச் சத்தத்துக்கு எனக்கு நாள்கூலி இரண்டாயிரத்து ஐந்நூறு,
மோட்டார்சைக்கிள் எண்ணெய்க் காசு தனி.

தேற்றாத்தீவில் முப்பத்தொரு கிணறு.
ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி,
நடுவில் மணல்,
மணலுக்குள் மழை.
உப்பின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிற
மெல்லிசான மழை.
மேலே ஒரு சாண் இறைத்துக் குறைத்தால்
கீழே நாற்பது சாண் உப்பு ஏறிவரும் என்று
வந்தாறுமூலையில் படித்தேன்.
பரீட்சையில் அதற்கு ஐந்து புள்ளி.

இருபத்திரண்டாம் கிணறு குலேந்திரராணியுடையது.
கொடிக்காலுக்கு இறைத்து முடித்து
வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தாள்.
"எவ்வளவு காட்டுது புள்ள?"
"சொல்ல ஏலா அக்கா. ஒப்பந்தம்."
"என்ட தண்ணி."
"ஓம்."
"என்ட கிணறு."
"ஓம்."
ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். துப்பினாள்.
"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா எண்டுதான் கேட்ட நான்."

மீட்டரில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.
கச்சான் காற்றில் கொப்பித் தாள் அடித்துக்கொண்டிருக்க
நீலப் பேனையால் எழுதினேன்.

தை மாதம் திரும்பப் போனோம்.
வெள்ளம் வடிந்து வாசல்களில் தவளை.
அதே கிணறு, அதே டேப்,
அறுநூற்றுப் பத்து.
"இதுதான் தரவு" என்றார் ஆலோசகர்,
படம் பிடிக்கிறவர் முகம் கழுவிவரச் சொல்லி
மாப்பிள்ளைக்குக் காத்திருந்ததைப் போல.

அறிக்கை நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
களுவாஞ்சிக்குடி பிரதேச செயலகத்தில்
பிறப்புப் பதிவு யன்னலுக்குப் பக்கத்து மேசையில்,
நூலால் கட்டிய பேனையோடு
முப்பது நாள்.
நான் போனது இருபத்தேழாம் நாள்.
வருகைக் கொப்பியில் எனக்கு முன்னால்
பேனை எழுதுதா என்று யாரோ கிறுக்கிப் பார்த்தது மட்டும்.

தொண்ணூற்றோராம் பக்கத்தில் விடுதி:
நூற்றிருபது அறை, நீச்சல்தடாகம் இரண்டு.
நூற்று முப்பத்தாறில் என் கிணறுகள்.
விரல் வைத்து எண்ணினேன்.
இருபது, இருபத்தொன்று, இருபத்திமூன்று.
அடியில் பொடி எழுத்து:
"ஒரு வாசிப்பு, விலகல் காரணமாக நீக்கப்பட்டது."
புரட்டாதி நிரல் பின்னிணைப்பில் என்றிருந்தது.
பின்னிணைப்பு அந்தக் கட்டில் இல்லை.
ஆய்வுக்குழுவில் கடைசிப் பெயர் என்னுடையது.
யதுர்ஷனாவை யதுர்ஷன் ஆக்கியிருந்தார்கள்.

தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்பக்கம் உரைத்தால்
கலங்கல் படியும், மேலே தண்ணீர் தெளியும்.
ஊருக்குப் பெயரே அந்த மரத்தால் என்பார்கள்.
கலங்கல் எங்கும் போவதில்லை.
அறிக்கையும் அப்படித்தான் தெளிந்திருந்தது.

கருத்துப் படிவத்தில் ஒரு கட்டம்: உமது தகைமை.
"டேப் பிடித்தவள்."
அதன் கீழே புரட்டாதி எண்கள், முப்பத்தொன்றும்.
கொப்பி என்னிடமே கிடந்தது,
ஒருவரும் கேட்கவில்லை.

அங்கிருந்து நேரே குலேந்திரராணியின் வளவு.
"இப்ப சொல்லுவியா?"
வெற்றிலைத் தட்டிலிருந்து விரலில் சுண்ணாம்பெடுத்துக்
கிணற்றுக்கட்டில் எழுதினேன்:
1940.
"கூடவா, குறையவா?"
"கூட."
திகதியையும் போடச் சொன்னாள்.

மாரி வந்தால் சுண்ணாம்பு கரைந்துவிடும்.
மாரி வந்தால் எண்ணும் இறங்கும்தான்,
அவர்கள் எழுதிய எண் பொய்யில்லை.

வேலிக்கு அப்பாலிருந்து ஜெயக்கொடி சத்தம் வைத்தான்,
தன்னுடையதிலும் எழுதிவிட்டுப் போகச் சொல்லி.
அவனுடையது இருபத்திமூன்று. நல்ல தண்ணீர்.
என்றாலும் எழுதினேன்.