நாற்பத்தோரு வரிசை

ஆய்வு எல்லை: நீலகிரி மாவட்டம்.
ஆய்வு வழி: இணையம்.
கோத்தகிரியில் மாதம் நாலாயிரத்துக்கு எடுத்த அறையில்
சுவரில் ஈரம் வரைந்த தேசங்களுக்குக் கீழே உட்கார்ந்து
இந்த இரண்டு வரியையும் நம்பினேன்.

மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த விடைகளை நீக்கு.
ஒரு சொடுக்கு.
நாற்பத்தோரு வரிசை போயிற்று.
எல்லாம் வயநாடு என்று காட்டியது.
யாரோ பொழுதுபோகாமல் நிரப்பியிருக்கிறார்கள் என்று
டீயை ஊதிக்கொண்டே நினைத்தேன்.

களத்துக்குப் போயிருந்த புஷ்பலீலா,
பாதி நாள் கூலி, முழு நாள் மழை,
போனில் சிரித்தாள்:
"மேடம், அய்யன்கொல்லிப் பக்கம் வந்துட்டா
கேரளா டவர்தான் எடுக்கும்.
போன்தான் அங்க இருக்கும்,
ஆள் இங்கதான் இருப்பாங்க."

நீக்கியதை மீட்டேன்.

பிறந்த ஊர் என்ற கட்டத்தில்
அறுபது தாண்டியவர்கள் எல்லோரும்
ஹட்டன், பதுளை, பண்டாரவளை.
கப்பலில் வந்தவர்களை மறுபடியும் ஒருமுறை
எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறேன்,
டீ ஆறுவதற்குள்.
ஆய்வேட்டில் இதற்கு
"தரவுச் சுத்திகரிப்பு" என்று ஒரு தலைப்பு இருக்கிறது.

முப்பத்தேழாவது வரிசையில் நின்றேன்.
பெண். வயது இருபத்தொன்பது. இரவு 2.10.
இணையத்தை எதற்கு அதிகம் பயன்படுத்துகிறீர்கள்?
பொழுதுபோக்கு, கல்வி, பணப் பரிமாற்றம்
என்று நான் வரிசையாக வைத்த எதையும் தொடாமல்
"மற்றவை"யில் எழுதியிருந்தாள்:
யானை எங்க நிக்குதுன்னு பாக்க.
இணையத்தில் வரும் செய்தியை எந்த அளவு நம்புகிறீர்கள்,
ஒன்று முதல் ஐந்து வரை?
ஐந்து.
காரணம் கூறுக.
இருங்க குரூப்ல மெசேஜ் வந்திருக்கு எங்க லயனுக்குப் பின்னாடி

அவ்வளவுதான்.
பாதியில் விட்டாலும் பதிந்துகொள்ளும் மென்பொருள்.
காசு கொடுத்து வாங்கியது.

முதல் பக்கத்தில் நான்தான் எழுதியிருந்தேன்:
உங்கள் பெயரோ எண்ணோ கேட்கப்படமாட்டாது.
நீங்கள் யாரென்று எங்களால் கண்டறிய இயலாது.
நெறிமுறைக் குழு இரண்டு முறை திருப்பி அனுப்பி
"இயலாது" என்பதைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னது.
போட்டேன்.

மறுநாள் தேதியிட்ட செய்தித்தாளைத் தேடி எடுத்தேன்.
ஒரு வாழைத்தோட்டம், ஒரு ரேஷன் கடைக் கதவு.
ஆள் சேதம் இல்லை என்றது.
எந்த லயன் என்று சொல்லவில்லை.

புஷ்பலீலாவை விட்டு விசாரிக்கலாம்.
அந்த வயதில் அங்கே எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்,
சாயங்காலத்துக்குள் பெயர் வந்துவிடும்.
பெயர் வந்தால் அப்புறம்
மீதி நாற்பது பேருக்கும் நான் சொன்னது பொய்.
போனை எடுத்தேன், வைத்தேன்.
இன்றைக்கும் ஒருமுறை எடுத்தேன்.

படிவத்தை மூடவேண்டிய தேதி போய் ஒன்பது நாள்.
மாதிரி அளவு போதவில்லை என்று
வழிகாட்டியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.
இரண்டு மணிவாக்கில் விழிப்பு வருகிறது.
பக்கத்தைப் புதுப்பிக்கிறேன்.
இன்னொரு முறை.

ஜன்னலுக்கு வெளியே, தெருவிளக்கடியில்,
மூச்சில் புகைவிட்டபடி ஒரு காட்டெருமை.
பால்காரர் வரும் நேரம் நெருங்குகிறது.
யாருக்குச் சொல்வது?
இந்த ஊரில்
நான் எந்த குரூப்பிலும் இல்லை.