முந்நூறு பேர்

மஸ்கெலியாவிலிருந்து மேலே,
பஸ் திரும்பும் இடத்துக்கும் மேலே,
வேல்ஸ் சீமைத் துரை ஒருவன் கட்டிய பங்களா.
அவன் வைத்த பெயர் பென்கேர்.
எங்கள் வாயில் அது மொட்டைக்கோபுரம்.
மூலையில் வட்டக் கோபுரம், உச்சியில் பல்பல்லாய்க் கல்,
சுவரில் அம்பு விடுகிற கீறல்கள்.
எந்த அம்புக்கென்று யாரும் கேட்டதில்லை.
இப்போது ஹோட்டல்.
ஐந்தாம் அறையில் விரிப்பு மாற்றுவது நான்.

போன மாதம் வந்த வெள்ளைக்கார அம்மா
தலையணைக்கு அடியில் விட்டுப்போன புத்தகம்
முழுக்கக் கோட்டைகள்.
ஓ.எல். ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு
சொல் சொல்லாய்க் கிள்ளிப் படிக்கிறேன்.

எழுநூறு வருசத்துக்கு முன் ஆங்கில ராசா
வேல்ஸ் மலைக்காரரை அடக்கக்
கடலோரம் எழுப்பினானாம்:
மதிலுக்குள் மதில்,
வாசலுக்கு மேலே கல் உருட்ட ஓட்டை,
கடலைப் பார்த்து ஒரு கதவு.
மலைக்காரர் வளைத்துக்கொண்டாலும்
கப்பலிலிருந்து மாவு வந்து இறங்கும்.
மதிலுக்குள் ஊர், ஊருக்குள் ஆங்கிலேயர்.
அந்த மண்ணில் பிறந்தவன்
உள்ளே வீடு வாங்கக் கூடாது.

படித்ததும் எனக்குத் துரை ஞாபகம்.
தோற்ற மலையின் பிள்ளை
கடல் தாண்டி வந்து
தன்னை ஜெயித்தவன் கோபுரத்தையே
எங்கள் லயத்துக்கு மேலே கட்டியிருக்கிறான்.
எனக்கு வந்தது கோபமா சிரிப்பா, தெரியவில்லை.
ஒரு கல் பிசகவில்லை, அதுதான்.
வெளியே நின்று பார்த்தவனுக்குத்தானே
மதில் மனப்பாடம்.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.
அகழி வெட்ட ஆள் போதவில்லை.
லிங்கன்ஷயர் என்கிற சதுப்புச் சீமையில்
முந்நூறு பேரைத் திரட்டி மேற்கே நடத்தினார்கள்.
கூடவே மூன்று குதிரைக்காரர்.
எதிரிக்காக இல்லை,
வழியில் இவர்கள் ஓடிவிடாமலிருக்க.
நாட்கூலி மூன்று பென்னி.

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக்
குளியலறை கழுவினேன்.
கழுவின வாளியையே மறுபடி கழுவினேன்.
மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்தவர்களுக்குக்
குதிரை இல்லை, கங்காணி இருந்தான்.
துண்டு இருந்தது.
கடன் இருந்தது, குதிரையைவிட வேகமாய் ஓடக்கூடியது.

திரும்பி வந்து பெயர் தேடினேன்,
முந்நூறில் ஒன்றாவது.
கல்வேலை மேஸ்திரிக்குப் பெயர் இருக்கிறது.
தச்சனுக்கு இருக்கிறது.
மண் வெட்டினவர்களுக்குத் தொகை மட்டும்.
இது எங்களுக்குத் தெரிந்த கணக்கு.
செக்ரோலில் பேர் என்றால் பெயரில்லை,
ஒரு நாள் சம்பளம்.
கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்.
அம்மா அரைப்பேரோடு வீட்டுக்கு வந்த நாட்களில்
கூப்பிட்டால் திரும்பமாட்டாள்.

இந்த வாரம் மழை விடவில்லை.
கோபுரத்துக்குப் பின்னால் மண் இறங்குகிறது.
சுவரில் வெடிப்பு, நேற்று ஒரு விரல்,
இன்று இரண்டு.
முற்றுகையில் இப்படித்தான் செய்வார்களாம்:
மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி,
மரத்தால் முட்டுக்கொடுத்து,
பிறகு முட்டுக்குத் தீ வைப்பார்கள்.
மழைக்குத் தீயும் வேண்டியதில்லை.

ராவோடு ராவாகக் கான் வெட்ட
மேனேஜர் ஆள் கூப்பிட்டார்.
வந்தது ஆறு பேர்.
ஒருவன் என் புருசன் சிவலோகன்.
பத்து மணிக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் கொண்டுபோனேன்.
முழங்கால்வரை சேறு,
டார்ச்சைக் கழுத்தில் கட்டியிருந்தான்.
அவன் கை துடைக்கும் நேரத்துக்குள்
கதையைச் சொன்னேன், மூன்று குதிரை வரைக்கும்.

மம்பட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டான்,
"ஓடினாங்களா?"
புத்தகத்தில் இல்லை என்றேன்.
ரொட்டியைப் பிய்த்தான்.
அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தான்.
"முந்நூறு பேருக்கு மூணு குதிர.
ஓடியிருப்பானுங்க."
கொஞ்ச நேரம் மென்றுவிட்டு,
"ஒரு நாலஞ்சு பேராவது."