வாரம் ஒன்று

கீழவாசல் பார்சல் ஆபீசில் பத்தொன்பது வருடம்
கோணிமேல் கரித்துண்டால் கிறுக்கியதையும்
மழையில் கரைந்த மையையும்
வாசித்தே சம்பளம் வாங்கினேன்.
போடிக்குப் போவது போடிமெட்டுக்கு ஏறியதில்லை.

அந்தச் சீட்டில் மட்டும் ஏமாந்தேன்.

அங்காளேஸ்வரியின் விரல் கணுக்கள் வீங்கி
பால் பாக்கெட்டைக் கிழிக்க முடியாமல்
பல்லால் கடித்த மாதம் அது.
டாக்டர் மூன்று வரி எழுதினார்.
மூன்றாவது வரி ஒரு புழு,
அதன் வாலில் ஒரு புள்ளி.
மருந்துக் கடைப் பையன் காகித உறையில்
காலை என்ற கட்டத்தில் டிக் அடித்தான்.
வாரம் என்பதற்கு அந்த உறையில் கட்டமே இல்லை.

பதினோரு காலை.
நான்தான் பிதுக்கினேன்,
மஞ்சளாய், மிளகைவிடக் கொஞ்சம் பெரிது,
உள்ளங்கையில் வைத்து டம்ளரை நீட்டினேன்.
ஏழாம் நாள் வாயெல்லாம் புண்.
சூடு என்று மணத்தக்காளிக் கீரை வாங்கி
கடைந்து ஊட்டிய அதே கையால்
எட்டாவது மாத்திரையும் கொடுத்தேன்.

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் பார்த்த பெண்
உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"தினமுமா?" என்றாள்.
அத்தனை மெதுவாக
யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

பிழைத்தாள்.
முடி தலையணையோடு போயிற்று.
சிறுநீரகம் அரை ஷிப்டுதான் பார்க்கிறது
என்று அவளே சொல்லிக்கொள்கிறாள்.

கோர்ட்டு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில்
மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே பேசினார்
வழக்கறிஞர் நூர்நிஷா.
மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம்,
டாக்டரின் பதிவில் கை வைப்பார்கள்,
உங்கள் கைக்கு ஒரு ரூபாய் வராது.
கடைக்கு மருந்து ஆய்வாளர் இருக்கிறார்.
போலீஸ்? போகலாம்.
இது தப்புதானா என்று இன்னொரு டாக்டர் சொல்லும்வரை
அவர்களும் காத்திருப்பார்கள், நீங்களும்.
நட்ட ஈடு என்றால் நுகர்வோர் ஆணையம்.
இரண்டு வருடம் தாண்டக் கூடாது.
"கேஸ் ஷீட்டை எழுதிக் கொடுத்துக் கேளுங்க, வாயால கேக்காதீங்க.
அந்த உறையைத் தூக்கி எறியலையே?"

எறியவில்லை. ரேஷன் கார்டோடு இருந்தது.
இப்போது அது ஆவணம் மூன்று.

தொகை எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது.
சத்துணவுக் கூடத்தில் அவள் இழந்த சம்பளம்,
வெளியே எடுத்த ஸ்கேன், ஆட்டோ.
முடிக்கு? என்றேன்.
அதை எழுதாதே என்றாள்.

எங்கள் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்:
உடைந்தாலும் தொலைந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல.
அழுதுகொண்டு வந்தவர்களிடம்
விரல் வைத்துக் காட்டியிருக்கிறேன்.

எதிர்த்தரப்பின் பதில் வந்தது.
ஆறு பக்கம், அழகாக டைப் அடித்து.
பத்தி ஒன்பது:
மாத்திரையைத் தினமும் கொடுத்தவர்
புகார்தாரரின் கணவரே.

எழுத்துப் பிழைகூட இல்லை.

இரவு வாசித்துக் காட்டினேன்.
தலைத்துணியை அவிழ்த்து மடித்தபடி சொன்னாள்:
"லேபிள்ல இருந்த ஊர்லதான எறக்குன?
ஊரை எழுதுனவன் யாருன்னு கேளு."
கொஞ்ச நேரம் கழித்து,
"அந்தப் பத்தியை இன்னொரு தடவ வாசி."
வாசித்தேன்.
இருட்டில் அவள் முகம் தெரியவில்லை.

வாய்தா அன்று எழுத்தர்
அடுத்த தேதியைக் கிறுக்கி நீட்டினார்.
ஒன்றா, ஏழா?
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
நான் நகரவில்லை.
"எழுத்தால எழுதிக் குடுங்க சார்."
முறைத்துவிட்டு எழுதினார். ஏழு.

அங்காளேஸ்வரி என் தோளுக்கு மேலாக எட்டி
தானும் ஒருமுறை
எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டாள்.